மரியோ மெதுவாகத்தான் ஓடினாரா?

பாலக்கோட்டு வாசகர், 2 மார்ச் 2024

தம்பி, உங்கள் வீடியோ கேம் இசை நிகழ்ச்சி மூன்றாம் பாகம் பார்த்தேன். விளக்கம் எல்லாம் சரி. ஆனால் கீபோர்டில் நீங்கள் வாசித்த மரியோ பாட்டு ரொம்ப வேகம். 1997, 98இல் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து விளையாடியவன் நான். அது இப்படி அவசரமாக ஓடாது. எவனோ ஏற்றிய வீடியோவைக் கேட்டு வாசித்துவிட்டீர்களா?

2 மார்ச், இரவு

இல்லை அண்ணா. நோட்ஸ் பார்த்துத்தான் வாசித்தேன். நிமிடத்துக்கு 200 பீட் அளவில் ஓடும் பாட்டு அது. கோஜி கோண்டோ 1985இல் போட்டது. பழைய நினைவில் எல்லாமே நிதானமாகத்தான் தெரியும். நாம் படித்த பள்ளிக்கூட மைதானம்கூட அப்போது பெரிதாகத்தான் இருந்தது.

3 மார்ச்

நேற்று எழுதியது இன்று படித்தால் கொஞ்சம் திமிராகத் தெரிகிறது. அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அதே கேசட்டில் விளையாடியவன்தான். மாமா வீட்டில், பாப்பிரெட்டிப்பட்டியில். மேலே 9999 கேம் என்று ஒட்டியிருக்கும். உள்ளே உருப்படியாக இருப்பது பத்துப் பன்னிரண்டு. மீதி எல்லாம் அதே கேம் வேறு பெயரில். எனக்கு அந்த வேகம் நினைவில் இல்லை. மாமா 'போதும், டிவி சூடாகிவிட்டது' என்று ஒயரைப் பிடுங்கியதுதான் நினைவிருக்கிறது.

5 மார்ச்

'இசை சொல்லித்தர வேறு பாட்டே கிடைக்கவில்லையா, ஏன் வீடியோ கேம்?' என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

நான் கல்யாண ரிசப்ஷன்களில் கீபோர்டு வாசிப்பவன். தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை என்று சுற்றியிருக்கிறேன். இடைவேளையில் சும்மா மரியோவின் முதல் வரியைத் தட்டினால் போதும், ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கும் பையன்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பன்களும்தான். சினிமாப் பாட்டில் முப்பது வாத்தியம் ஒரே நேரத்தில் ஓடும், எது எங்கே நுழைகிறது என்று காட்டுவதற்குள் வேர்த்துவிடும். மரியோ ஓடிய பழைய டிவி கேம் பெட்டியில் மொத்தமே ஐந்து குரல். ஒலி அலையின் வடிவத்தை வைத்துச் சொன்னால் இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஒரு இரைச்சல், சின்னதாகப் பதிவு செய்த சத்தங்களுக்கு ஒன்று. இதில் முக்கோணத்துக்கு வால்யூம் கிடையாது, ஒன்று ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. பெரும்பாலும் பேஸ், அதாவது அடியில் ஓடும் கீழ்ச்சுர வரி, வாசிக்கும் வேலை அதற்குத்தான். முழு மரியோ கேமும் 40 கிலோபைட். உங்கள் வீட்டு வாட்ஸப் குழுவில் தினம் காலையில் வரும் ரோஜாப்பூப் படம் அதைவிடப் பெரிது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. மரியோ குதிக்கும்போது வரும் அந்த 'ட்டுயிங்' சத்தத்துக்குத் தனிக் குரல் இல்லை. பாட்டு வாசித்துக்கொண்டிருக்கும் சதுர அலை இரண்டில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுதான் அது ஒலிக்கிறது. அதாவது நாம் குதிக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டில் ஒரு ஆள் எழுந்து போய்விடுகிறார். குதித்து முடித்ததும் திரும்ப வந்து உட்காருகிறார். இத்தனை வருஷம் காதில் விழுந்தும் கவனித்ததே இல்லை. நம் காது ஓட்டையை அடைத்துக்கொண்டே கேட்கிறது. இரண்டாம் பாகத்தில் இதை வாசித்துக் காட்டினேன், அதற்குத்தான் அதிகம் பேர் எழுதினார்கள்.

12 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை மாசி அமாவாசை, மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குக் காவேரிப்பட்டணம் போயிருந்தேன். நிகழ்ச்சிக்காகப் போகவில்லை, வருஷா வருஷம் போவதுதான். பம்பை அடிப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அருள் வரவர அடி நெருங்குகிறது. வேகம் ஏறுகிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, மூச்சுதான் முதலில் கண்டுபிடிக்கிறது.

1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேம் ஞாபகம் வந்துவிட்டது. நாலே நாலு சுரம், மேலிருந்து கீழே. அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும். இதில் வேடிக்கை என்னவென்றால், எதிரிகள் வேகமாவது முதலில் திட்டம் போட்டுச் செய்ததே இல்லை. திரையில் வரைய வேண்டியது குறைந்ததும் சிப்புக்கு வேலை குறைந்து தானாக வேகமாயின. செய்தவர் தொமோஹிரோ நிஷிகாதோ, இது நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்.

ஐந்தாம் பாகத்துக்கு விஷயம் கிடைத்துவிட்டது. பம்பையும் அதுவும் ஒன்றே.

13 மார்ச்

ஒன்றே இல்லை. நேற்று உற்சாகத்தில் எழுதிவிட்டேன். அந்தப் பெட்டிக்கு எதிரில் விளையாடுபவன் பயப்படுகிறானா, கொட்டாவி விடுகிறானா தெரியாது. பம்பைக்காரர் முகத்தைப் பார்த்து அடிக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று முடிக்கும் வீடியோ எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டிருக்கிறேன். அதற்கு லைக் நிறைய வரும். அதனால்தான் விதி.

20 மார்ச்

இந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டு. கார்டு. மூன்று சுரத்தைச் சேர்த்து அமுக்குவோமே, அது. கார்டு என்று தலைப்புப் போட்டால் ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது. முதல் பாகத்தில் 'கூட்டுச்சுரம்' என்று சொல்லிப் பார்த்தேன். 'பூசணிக் கூட்டா, அவரைக் கூட்டா அண்ணா?' என்று ஒருவர் கேட்டார், அதோடு அது செத்தது. எங்கள் குழுவில் கிடார்காரர், டிரம்ஸ்காரர், மைக்செட் பையன் எல்லோரும் கார்டு என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் என்ன? கார்டு என்றே வைத்துவிட்டேன்.

சுரம், சுருதி, தாளம், நடை இதற்கெல்லாம் பஞ்சமில்லை. மரியோ பாட்டில் ஓர் இடத்தில் இரண்டு எண்ணிக்கைக்குள் மூன்று சுரத்தைச் சமமாக நெருக்கி வைத்திருப்பார். இதை ஆங்கிலப் பெயர் சொல்லி விளக்கினால் பத்து நிமிஷம். கையில் 'தகதிமி' போட்டுக்கொண்டே 'தகிட' சொல்லு என்றால் அரை நிமிஷம். நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம், அடித்துக் காட்டினால் போதும்.

28 மார்ச்

அவமானக் கதை. நான்காம் பாகத்தில் மரியோ பாட்டை சுரப்படுத்தினேன். தொடக்கத்திலேயே மேலே காந்தாரம், அடியில் பிரதி மத்யமம் (உயர்ந்த ம). கொஞ்சம் தள்ளி காகலி நிஷாதம் (உயர்ந்த நி), உடனே கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி), அப்புறம் தைவதம் என்று வழுக்கி இறங்கும். சங்கராபரண ராகத்தின் சுரம், கூடவே பிரதி மத்யமமும் கைசிகி நிஷாதமும் எட்டிப் பார்க்கின்றன. எனக்குள் மணி அடித்தது. 'கிட்டத்தட்ட பெஹாக் ராகம்' என்று கேமரா முன்னால் சொல்லிவிட்டேன்.

எனக்குச் சின்ன வயதில் பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா தர்மபுரியில்தான் இருக்கிறார். எழுபது தாண்டியவர். யாரோ காட்டிவிட்டார்கள். போன் வந்தது. 'மளிகை லிஸ்ட்டைப் படித்துவிட்டு சாம்பார் என்பாயாடா?' அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரி. ராகம் என்பது சுரங்களின் பட்டியல் இல்லை. எந்தச் சுரத்தில் நிற்பது, எதை அசைப்பது, எந்தப் பிடியில் வருவது என்று நடத்தை சார்ந்த விஷயம். மரியோவில் அந்தக் கைசிகி நிஷாதம் இரண்டு சுரத்துக்கு நடுவே மிதித்துப் போகும் படிக்கல். அந்தப் பகுதியை வெட்டி மீண்டும் ஏற்றினேன். பழைய பதிப்பை டவுன்லோடு செய்தவர்கள் தயவுசெய்து எங்கும் பகிர வேண்டாம்.

30 மார்ச்

டீச்சரம்மாவை நேரில் பார்த்து சமாதானம் செய்யப் போனேன். கையில் ஒரு கிலோ கொய்யா. 1998இல் வந்த செல்டா கேமின் ஒகரினா என்ற ஊதுகுழலைக் காட்டினேன். ஐந்தே பொத்தான், ஐந்தே சுரம். கேமில் வரும் மந்திரப் பாட்டு அத்தனையும் அந்த ஐந்துக்குள். அடியில் இருப்பதை ஷட்ஜமமாக வைத்தால் ச, சாதாரண காந்தாரம் (தாழ்ந்த க), ப, சதுஸ்ருதி தைவதம், மேல் ச. ரிஷபம், மத்யமம், நிஷாதம் கிடையாது. அதில் ஒரு தாலாட்டுக்கு மூன்றே பொத்தான், இரண்டு தடவை: தைவதம், மேல் ஷட்ஜமம், பஞ்சமம்.

பாடிப் பார்த்தார். இன்னொரு தடவை பாடினார். 'இதை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு. கையில் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும்' என்றார். கொய்யா பழுக்கவில்லை என்றும் சொன்னார்.

7 ஏப்ரல்

ரெக்கார்டிங் இல்லை. பிரச்சார ஆட்டோ அரை மணிக்கு ஒரு தடவை. நடுராத்திரியில் உட்காரலாம் என்றால் நெடுஞ்சாலையில் லாரி. மெத்தையைச் சன்னலில் சாய்த்துப் பார்த்தேன், எனக்குத்தான் மூச்சு முட்டியது. 19ஆம் தேதி ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறேன்.

21 ஏப்ரல்

பாலக்கோட்டு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை வரும்போல இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். 'தம்பி, ஜப்பான், அமெரிக்கா டிவி நொடிக்கு 60 புலம், அதாவது 60 தடவை திரையில் படம் வரையும். நம்ம ஊர் டிவி PAL என்ற முறை, அது 50. அந்தக் காலத்து டிவி கேம் பெட்டிகளில் நம்ம டிவிக்கென்று 50இல் ஓடுகிற மாதிரி செய்தது நிறைய வந்தது. கேசட் மட்டும் 60க்கு எழுதியது. அப்புறம் எப்படி வேகம் ஒன்றாக இருக்கும்?'

படித்ததும் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். 60க்கு 50. 200 பீட் என்பது 167க்குப் பக்கம் வந்துவிடும். ஆறில் ஒரு பங்கு மெதுவு. அண்ணன் சொன்னது அப்படியே!

அதோடு சுருதியும் இறங்கியிருக்க வேண்டும். டேப்ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்தால் பாடகர் குரல் கனத்துப்போகுமே, அதுபோல. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று அரைச்சுரம். அதாவது நாம் எல்லோரும் மரியோவை வேறு சுருதியில் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

22 ஏப்ரல்

நேற்றைய கடைசிப் பத்தி தப்பு. அழிக்க மாட்டேன், கிடக்கட்டும்.

டேப் விஷயம் இங்கே பொருந்தாது. டேப்பில் சுருதியும் வேகமும் ஒரே மோட்டாரில் ஓடுகின்றன. இந்தப் பெட்டியில் அப்படி இல்லை. பாட்டை அடுத்த சுரத்துக்கு நகர்த்தும் நிரல், டிவியில் ஒரு படம் வரைந்து முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை எழுந்து வேலை செய்கிறது. படம் 50 என்றால் நொடிக்கு 50 தடவைதான் எழும். தாளம் மெதுவாகும். ஆனால் ஒவ்வொரு சுரத்தின் உயரமும் சிப்பின் கடிகாரத்தை வகுத்து வருகிறது. அந்தக் கடிகாரம் ஜப்பான் பெட்டியில் 1.79 மெகாஹெர்ட்ஸ், இந்த வகை 50 படப் பெட்டிகளில் 1.77. வித்தியாசம் நூற்றில் ஒன்றுகூட முழுசாக இல்லை. சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறங்கும். பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

கச்சேரிப் பாஷையில் சொன்னால், சுருதிப்பெட்டி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, தாளம் போடுபவருக்குத்தான் வயசாகிவிட்டது.

பாட்டு மட்டுமில்லை, மரியோவின் ஓட்டம், குதி, ஆமையின் நடை எல்லாமே ஆறில் ஒன்று மெதுவு. பின்னாளில் அசல் கேமை ஆடிப் பார்த்துவிட்டு 'சின்ன வயதில் நான் எவ்வளவு நன்றாக ஆடினேன்' என்று வருத்தப்பட்டவர்கள் காரணத்தைத் தெரிந்துகொள்ளவும்.

5 மே

மாமா வீட்டுப் பரணில் பெட்டி கிடைத்தது. கூடவே இரண்டு தேள். அடாப்டர் செத்திருந்தது, கிருஷ்ணகிரிக்காரர் ஒன்று கொடுத்து அனுப்பினார், காசு வாங்கவில்லை. கேசட் ஊதி ஊதித்தான் வேலை செய்தது (ஊதுவதால் ஒன்றும் ஆவதில்லை, எடுத்துத் திரும்பச் செருகுவதால்தான் ஓடுகிறது என்றும் அவர் சொன்னார், ஆனாலும் ஊதினேன்).

ஆடியோ ஒயரை லேப்டாப்பில் கொடுத்துப் பதிவு செய்து, ஒரு நிமிடத்தை எண்ணினேன். 167.

அண்ணா, மன்னிக்கவும். மைதானம் பெரிதாகவே இருந்திருக்கிறது.

6 மே

இன்னொன்றும் மாட்டியது. வேகத்தைச் சரி செய்த பிறகும் என் பெட்டியின் குரல் இணையத்தில் கிடைக்கும் அசல் மாதிரி இல்லை. மூக்கால் பாட வேண்டிய இடத்தில் வாய் திறந்து பாடுகிறது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சதுர அலையில் மேலே நிற்கும் நேரம், கீழே நிற்கும் நேரம் என்று ஒரு விகிதம் உண்டு. பாதிக்குப் பாதி என்றால் புல்லாங்குழல் பக்கம் சாயும் குழிவான குரல். கால் பங்கு என்றால் ஒல்லியாக, கொஞ்சம் நாயனத் தொனியோடு. அசலில் கால் பங்கு இருக்க வேண்டிய இடத்தில் என் பெட்டி பாதி வைத்திருக்கிறது. பாதி இருக்க வேண்டிய இடத்தில் கால். நம் ஊரில் வந்த பெட்டி ஜப்பான் பெட்டியின் நகல்தானே. நகல் சிப் செய்தவர்களில் பலர் இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்களாம், அது அந்தப் பெட்டி வட்டாரத்தில் ஊரறிந்த விஷயமாம். எனக்குத்தான் இருபத்தைந்து வருஷம் கழித்துத் தெரிகிறது.

மூன்றாம் பாகத்தில் 'இதுதான் நாம் கேட்டு வளர்ந்த சத்தம்' என்று சொல்லியிருந்தேன். அது ஜப்பான் பையன் கேட்டு வளர்ந்த சத்தம்.

19 மே

மாங்காய் நேரம். அப்பாவின் தோட்டத்தில் ஆள் இல்லை, பெங்களூரா ரக மாங்காய் ஏற்ற வேண்டிய லோடு நிற்கிறது. இரண்டு வாரமாக நிகழ்ச்சி வேலை ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான். ஜூஸ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசையில் காத்திருந்த நேரத்தில் ஆறாம் பாகம் எழுதினேன்: மரியோ கொடிக்கம்பத்தைப் பிடித்து இறங்கி கோட்டைக்குள் போகும்போது வரும் வெற்றி ஓசை.

அது மூன்று படி. முதலில் ச, அந்தர காந்தாரம் (உயர்ந்த க), பஞ்சமம். நமக்குப் பழகிய மேஜர் கார்டு. அடுத்தது சுத்த தைவதம், ச, சாதாரண காந்தாரம். மூன்றாவது கைசிகி நிஷாதம், ரிஷபம், மத்யமம். அப்புறம் திடீரென்று ஷட்ஜமத்தில் வந்து உட்காரும். மேஜர் வீட்டில் குடியிருந்துகொண்டே பக்கத்து மைனர் வீட்டிலிருந்து இரண்டு பாத்திரத்தைக் கடன் வாங்கிச் சமைத்த சாப்பாடு. டீச்சரம்மாவுக்கு அனுப்பினேன். 'ஒரே வரியில் இரண்டு காந்தாரமா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். 'ராகம் என்று சொல்லாமல் இருந்தால் சரி.'

டிராக்டரில் உட்கார்ந்து இதை விசிலடித்துக்கொண்டிருந்தபோது முன் வண்டி டிரைவர் இறங்கி வந்து, 'ஜெயிச்சிட்டியா?' என்றார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

2 ஜூன்

மார்ச்சில் பம்பையைப் பற்றி எழுதியதற்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் பென்னாகரம் பக்கத்தில் கூத்தில் தாளம் வாசிக்கும் ஒருவரோடு பேச முடிந்தது. அவரிடம் 1991இல் வந்த மங்கி ஐலேண்ட் கேமின் இரண்டாம் பாகத்தைக் காட்டினேன். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் இருவரும் செய்த ஐமியூஸ் என்ற ஏற்பாடு அதில் உண்டு. கப்பல்களை ஒட்டிக் கட்டிய ஊரில் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பாட்டு வெட்டுப்படாது. சரியான இடம் வரும்வரை காத்திருந்து, ஒரு சின்ன இணைப்பு வாசித்து, அந்த அறைக்கான வாத்தியத்துக்கு மாறும்.

நான் கேட்டது: 'நீங்களும் இப்படித்தானே அண்ணா, வேடக்காரர் திரையை விட்டு வரும்வரை அதே அடியை இழுத்துக்கொண்டிருப்பீர்கள்?'

அவர் சொன்னது: 'காலைப் பார்த்துத்தான் வாசிப்போம். ஆனால் அந்த ஆள் தடுமாறினால் நாங்கள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவருவோம். உன் பெட்டி கூட்டிவருமா?'

வராது. பெட்டி பின்னாலேயே வரும், அவ்வளவுதான். மரியோவில் நேரம் 100க்குக் கீழே போனால் பாட்டு வேகமாகும், ஆனால் அது கூட்டிவருவது இல்லை, விரட்டுவது. இதை ஐந்தாம் பாகத்தில் அவர் குரலிலேயே போட்டிருக்கிறேன்.

9 ஜூன்

சின்ன வயிற்றெரிச்சல். கீபோர்டில் நானே வாசித்த பதினொரு நொடிக்கு உரிமை கோரி நோட்டீஸ் வந்திருக்கிறது. எந்தக் கம்பெனி என்று எழுதிப் பயனில்லை. மறுப்பு அனுப்பியிருக்கிறேன். இனிமேல் ஒவ்வொரு துண்டையும் நான்கைந்து நொடிக்குள் வைத்து நடுவில் பேசிவிடுவது என்று முடிவு. பாடத்துக்கும் அதுதான் நல்லது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

16 ஜூன்

மூன்றாம் பாகத்தை மறுபடி எடுத்துவிட்டேன். முதலில் 200இல், அப்புறம் 167இல், மூன்றாவதாக மாமாவின் பெட்டியே பாடுகிறது. அக்கா பையனுக்குப் போட்டுக் காட்டினேன். பத்து வயது, ஃப்ரீ ஃபயர் ஆள். '167 போர் மாமா' என்றான். பாலக்கோட்டு அண்ணனுக்கும் முன்கூட்டியே அனுப்பியிருந்தேன், பதில் வந்தது: 'வேகம் இப்போது சரி தம்பி. ஆனால் நாங்கள் ஆடிய டிவியில் ஒரு 'ங்ங்ங்' சத்தம் கூடவே வரும். அது இல்லையே.'

அது டிவி ஸ்பீக்கரில் வரும் 50 படத்து ரீங்காரம். அதன் சுருதியைக் கண்டுபிடித்தால் ஏழாம் பாகம் ஆகிவிடும். 21 இஞ்ச் பழைய டிப்பா டிவி ஓடுகிற நிலையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் என்றால் நானே வந்து பதிவு செய்துகொள்கிறேன். பெட்டியும் கேசட்டும் கொண்டுவருவேன். மணிக்குப் பத்து ரூபாய்.